கோத்தகிரியில் என் வயதைக் கேட்டார்கள்

தாத்தா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வருடப் படையலுக்கு நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். கிளாஸ்கோவில் மூன்று வாரம் விடுப்புப் போட்டு வந்தேன். மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறினால் கோத்தகிரி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கார்களை நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் அதை எடுத்தாக வேண்டும். பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்கு வருகிறவர்கள் எவர்சில்வர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பயணத்தில் என் மனதில் நின்றது வேறு விஷயம். 32 வயதில், என் சொந்த ஊரில், மதுக்கடையில் என்னிடம் வயதுச் சான்று கேட்டார்கள்.

படையல் என்றால் எங்கள் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எப்படி என்று சொல்ல வேண்டும். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வர வேண்டும். தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு குவார்ட்டர் பிராந்தி. தீபாவளிக்கும் முனீஸ்வரன் பூசைக்கும் மட்டும்தான் குடிப்பார். அதுவும் ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் கிடையாது. பேரன் கையால் வாங்கி வைக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டார். மற்ற சாமான்களை மாமா பார்த்துக்கொண்டார். பிராந்தி என் பொறுப்பு.

கடை மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். மினி பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வரிசையில் நின்றேன். கம்பிக்குப் பின்னால் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், கம்பளித் தொப்பி போட்டிருந்தார். பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, வயசு என்ன?”

“முப்பத்திரண்டு அண்ணே.”

“ஆதார் இருக்கா?”

எனக்குத் தாடி வளராது. ஒல்லியான உடம்பு. அன்றைக்குக் குளிருக்காக மச்சானின் பழைய ஸ்வெட்டர் வேறு. ஆதார் பெட்டியில் இருந்தது. கையில் இருந்தது பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம். அதை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறந்த தேதியைக் காட்டினேன். “இது எந்த ஊரு கார்டுன்னே எனக்குத் தெரியல தம்பி. ஆதாரோ பாஸ்போர்ட்டோ கொண்டாங்க, தரேன். கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பின்னால் நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். ஒருவர், “நான் வாங்கித் தரவா தம்பி?” என்றே கேட்டார். வேண்டாம் என்று விலகி வந்தேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. காரணம், கம்பிக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருக்கிறேன். 2016-இல் கிளாஸ்கோவில் மேல்படிப்புப் படித்தபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் பகுதி நேர வேலை பார்த்தேன். முதல் நாள் பயிற்சியில் பாதி நேரம் மது விற்பதைப் பற்றித்தான் பேசினார்கள். ஸ்காட்லாந்தில் மது வாங்கச் சட்டப்படி 18 வயது போதும். ஆனால் முகத்தைப் பார்த்தால் 25-க்குக் கீழே என்று தோன்றும் எல்லோரிடமும் சான்று கேட்க வேண்டும். ‘சேலஞ்ச் 25’ என்று பெயர். இங்கிலாந்துக் கடைகள் பலவும் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் இது. ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபர் முதல் சட்டமே ஆகிவிட்டது. முகத்தை வைத்து 17-க்கும் 18-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் ஏழு வருடம் இடைவெளி வைத்திருக்கிறார்கள். 17 வயதுப் பையன் எவ்வளவு பெரியவனாகத் தெரிந்தாலும் 25-ஐத் தாண்டித் தெரிவது அபூர்வம்.

காவல்துறை, வயது குறைந்த பிள்ளைகளையே அனுப்பிச் சோதனையும் செய்யும். விற்றுவிட்டால் கடைக்கு மட்டுமல்ல, கல்லாவில் நிற்பவருக்கும் தண்டனை. மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பயம் ரொம்பவே இருந்தது. ஒருமுறை முப்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். கையில் எதுவும் இல்லை. ஒரு ஒயின் பாட்டிலைத் திரும்ப எடுத்து வைத்தேன். வண்டியில் இருந்த மற்ற சாமான்களையும் அப்படியே விட்டுவிட்டு அந்தம்மா போய்விட்டார். மறுப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் கேட்டது தவறு என்று இன்று வரை எனக்குத் தோன்றவில்லை.

சரி, கோத்தகிரிக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் வயது வரம்பு 21. சில்லறை விற்பனை முழுவதும் 2003-இலிருந்து டாஸ்மாக் கையில். பேய்க் கூட்டத்தில், குளிரில், ஒரு குவார்ட்டருக்காக ஒருவரை நிறுத்தி வயது கேட்பது லேசான காரியம் இல்லை. பின்னால் நிற்பவர் சத்தம் போடுவார், கேட்கப்பட்டவர் சண்டைக்கு வருவார். அத்தனையையும் தாங்கிக்கொண்டு அந்த அண்ணன் கேட்டார். தெரியாத அட்டையைத் தெரியாது என்றே சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்புத்தான் கூடியது.

திரும்ப லைனுக்குப் போனேன். பாஸ்போர்ட்டை அம்மா தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் அதற்குள்தான். அதைத் திறந்தபோதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

தாத்தா இலங்கையில், பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கடைசியில் நீலகிரி வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம்தான் இன்றைய டேன்டீ. அதில் தாத்தா கொழுந்து சுமந்தார், பாட்டி கொழுந்து பறித்தார். காகிதத்தில் தாத்தாவின் வயதை யாரோ நான்கு வருடம் கூட்டி எழுதிவிட்டார்கள். அவருடைய அம்மா சொன்ன கணக்கு வேறு. காகிதம்தான் ஜெயித்தது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே நான்கு வருடம் முன்னதாக வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த நான்கு வருடச் சம்பளத்தைப் பற்றிச் சாகும் வரை பேசினார். யாராவது வீட்டுக்கு வந்து ‘கார்டு எடுங்க’ என்றால் தாத்தாவின் கை நடுங்கும். நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காகிதம் கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கேட்கும் விதம் ரொம்ப முக்கியம். ‘கோவிச்சுக்காதீங்க’ என்று அந்த அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதனால்தான்.

மூன்று மணிக்குப் பாஸ்போர்ட்டோடு போனேன். அவரே பக்கத்தைப் புரட்டித் தேதியைப் பார்த்தார். “முப்பத்திரண்டா! சரி சரி. எதுக்கு, விசேஷமா?” என்றார். படையலுக்கு என்றேன். புது பாட்டிலாகப் பார்த்து எடுத்து, மூடியைச் சரிபார்த்துக் கொடுத்தார். விலையோடு பத்து ரூபாய் கூட வாங்கினார். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும், பாட்டிலில் அதற்கு அடையாளம் ஒட்டியிருக்கிறது. காட்டில் வீசும் பாட்டில்கள் உடைந்து யானைக் காலில் குத்துகின்றன என்று உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில்தான் இதை முதலில் ஆரம்பித்தார்கள். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பாதை ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லு கிடக்கும். இந்தத் தடவை அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பேன். நான்கு நாள் கழித்து மச்சானுக்குப் பிறந்தநாள், முப்பது முடிகிறது. தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறான். ஒரு நாளாவது நல்ல இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று குன்னூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். அங்கே பார் உண்டு.

உட்கார்ந்ததும் பணியாளர் வந்து ஐடி கேட்டார். நான் பாஸ்போர்ட் காட்டினேன், சரி என்றார். மச்சான் ஆதாரை நீட்டினான். அது பழைய அட்டை, பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. முப்பது வயதுக்காரனுக்கு ஆண்டு தெரிந்தால் போதும், அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் போய் மேனேஜரைக் கூட்டிவந்தார். மேனேஜர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் மச்சானின் சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். “ஒரிஜினல்தானே? லைசென்ஸ் இருக்கா?” என்றார். மச்சான் லைசென்ஸையும் எடுத்தான். அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த மேஜையில் ஐந்து பையன்கள். கல்லூரி முதல் வருடம் இருக்கலாம், ஒருவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நான்கு பீர் பாட்டில் திறந்திருந்தது. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் எழுந்து போய் மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டேன். “அவங்க ரூம் கெஸ்ட் சார். செக்-இன்ல ஆதார் வாங்கியிருக்கோம்” என்றார். ஐந்து பேருடையதுமா என்றேன். “ரூம் போட்டவரோடது” என்றார்.

அதாவது ஒருவனுடைய அட்டை ஐந்து பேருக்கும் வயதுச் சான்று. பில் கட்டும் தெம்பு இருக்கிற முகத்துக்குக் கேள்வி இல்லை. லைன் வீட்டுப் பையனுக்கு இரண்டு அட்டை. நான் அதை அவரிடம் அப்படியே சொன்னேன். “பாலிசி சார்” என்று போய்விட்டார். அது பாலிசி இல்லை. முகத்தைப் பார்த்து, 25-க்குக் கீழே தெரிகிறவர் எல்லோரிடமும் கேள் என்பது பாலிசி. அதில் கேட்பவருக்கும் பாதுகாப்பு, கேட்கப்படுபவருக்கும் மரியாதை. சட்டையைப் பார்த்துக் கேட்டால் உண்மையில் காக்க வேண்டிய பதினெட்டு வயசுப் பையன் தப்பிவிடுகிறான், முப்பது வயது உழைப்பாளி தலைகுனிகிறான். மச்சான் அன்றைக்கு ஒரு வாய் குடிக்கவில்லை. “வாங்க மச்சான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்” என்று எழுந்துவிட்டான். வழியில் பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்தோம்.

கேட்காமலே விடுவது தீர்வு என்று நான் நினைக்கவில்லை. லைன்களில் பதினாறு, பதினேழு வயதில் குடிக்க ஆரம்பித்துக் கெட்டுப்போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். கேட்கட்டும், எல்லோரிடமும் கேட்கட்டும். ‘25 வயதுக்குக் கீழ் தெரிந்தால் சான்று கேட்போம்’ என்று ஒரு பலகையைப் பாரிலும் கடையிலும் தமிழில் எழுதி மாட்டினால் பாதிச் சண்டை வராது. கிளாஸ்கோவில் நான் கேட்டபோது விரலை நீட்டிக் காட்ட அப்படி ஒரு பலகை இருந்தது. எந்தெந்த அட்டை செல்லும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இளமையான முகமாக இருந்தால் பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் லைசென்ஸை நம்பிப் போகாதீர்கள்.

படையல் நன்றாக நடந்தது. இலைக்கு முன்னால் தாத்தாவின் படம், சுருட்டு, பிராந்தி. பாட்டி மூடியைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தார். மிச்சத்தை மாமாவும் அப்பாவும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஊர் கிளம்பும் முன் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அதே அண்ணன்தான் இருந்தார். பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்து ரூபாயை நீட்டினார். “தாத்தாவுக்கு வச்சுக் கும்பிட்டாச்சா தம்பி?” என்று கேட்டார். ஆச்சு அண்ணே என்றேன்.