நாலு பேர் பெயரில் ஒரு வாடகை வீடு: வைத்திருப்பதா, ஒருவருக்கு விடுவதா, விற்பதா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு எட்டு வருஷம் நாங்கள் நாலு பேர் சொந்தக்காரர்கள். ஜோஹன்னஸ்பர்கில் பெரியண்ணன், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் அக்கா, டர்பனில் நான், அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தம்பி. முன்வீட்டில் ஒரு குடும்பமும் பின்னால் அவுட்பில்டிங்கில், அதாவது தனியாகக் கட்டிய சின்னக் கட்டடத்தில், ஓர் இளம் தம்பதியும் குடியிருந்தார்கள். வாடகை இரண்டும் சேர்த்து மாதம் 8,500 ராண்ட். தம்பிதான் வசூலிப்பான். ரசீதுகளை ஒரு பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். 2025இல் அந்த டின்னைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தோம். மை மங்கிப்போன பிளம்பர் ரசீதுகள், எத்தெக்வினி (டர்பன்) நகராட்சி பில்கள், பெயின்ட் கடைச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கு மட்டும் இல்லை.

இங்கே நம் குடும்பங்கள் பலவற்றில் இதே கதைதான். இனவாரியாக வசிப்பிடம் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியை விட்டு விரட்டப்பட்டு வந்த தலைமுறை, பாடுபட்டுச் சொந்தமாக்கிக்கொண்ட வீடுகள் இவை. அதனால் விற்பது என்ற பேச்சை எடுக்கவே யாருக்கும் நா எழுவதில்லை. பேசாமலே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை, தொகையோடு இங்கே சொல்கிறேன்.

முதல் வழி, அப்படியே கூட்டாக வைத்திருப்பது. இதில் செலவே இல்லை என்று நினைத்துத்தான் எட்டு வருஷம் ஏமாந்தோம். பத்திரத்தில் கால் பங்கு என்றால் வாடகையிலும் கால் பங்கு உங்கள் வருமானம். பணம் தம்பி கையோடு நின்றுவிட்டாலும் சார்ஸ் எனும் வரித்துறையின் கணக்கில் அது நாலு பேருக்கும் சேர்ந்ததுதான். வருஷ வாடகை 1,02,000 ராண்டில் என் பங்கு 25,500. அதில் என் பங்கு ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி), காப்பீடு, பழுதுபார்த்த செலவு, பாண்ட் (வீட்டுக் கடன்) இருந்தால் அதன் வட்டி ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியை வருமானத்தில் காட்ட வேண்டும். ஒழுகிய குழாயை மாற்றியது பழுது, அதைக் கழிக்கலாம். தம்பி புதிதாகக் கட்டிய கார்போர்ட் மேம்பாடு, அதை வாடகையில் கழிக்க முடியாது. ஆனால் வீட்டின் அடக்க விலையோடு அது சேரும், விற்கும் நாளில் உதவும். அந்த ரசீதைப் பிஸ்கட் டின்னுக்குள் தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதி!

நாங்கள் மூவரும் ஒரு காசும் வாங்கவில்லை, அதனால் காட்டவும் இல்லை. தம்பியும் வாடகை பழுதுக்கே சரியாகப் போய்விட்டது என்று விட்டுவிட்டான். சார்ஸிடம் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் திட்டம் ஒன்று 2012 அக்டோபரிலிருந்து நிரந்தரமாக இருக்கிறது. தணிக்கைக் கடிதம் வருவதற்கு முன்பே போனால், குறைத்துக் காட்டியதற்கான அபராதத்தில் பெரும் சலுகை கிடைக்கும். வரியும் வட்டியும் மட்டும் கட்டியே ஆக வேண்டும். அந்த வழியில்தான் போனோம். பெர்த்தில் இருக்கும் அக்காவுக்கும் விலக்கு இல்லை. இந்த நாட்டு வீட்டின் வாடகைக்கு இந்த நாட்டில்தான் முதலில் வரி.

கூட்டாக வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வாடகைக்குத் தனி வங்கிக் கணக்கு, வசூலிப்பவருக்கு மாதக்கூலி, ஒருவர் விலகினால் மற்றவர்களுக்கே முதலில் கேட்கும் உரிமை, ஒருவர் இறந்தால் அவர் பங்கு என்னாகும், இவ்வளவாவது அதில் இருக்க வேண்டும். பெரியண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். அவர் காலத்துக்குப் பிறகு நாலு பேர் ஆறு பேராவார்கள். அந்த ஆறு பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டாவது வழி, ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வது. இதைத்தான் கடைசியில் செய்தோம். வரிக்குப் பயந்தே பல வருஷம் தள்ளிப்போட்டோம். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பயமே வீண் என்று தெரிந்தது.

2017இல் அம்மா காலமானபோது வீட்டின் மதிப்பு 9 லட்சம் ராண்ட். வாரிசாக வந்த சொத்துக்கு இறந்த நாளின் சந்தை மதிப்பே அடக்க விலை, அதனால் ஒவ்வொருவர் பங்குக்கும் 2,25,000. 2025இல் மதிப்பு 12 லட்சம், பங்குக்கு 3 லட்சம். மற்ற செலவைச் சேர்க்காமலே பார்த்தால் ஆளுக்கு லாபம் 75,000. அந்த வரி ஆண்டில் தனிநபருக்கு மூலதன லாபத்தில் 40,000 ராண்ட் விலக்கு. மீதி 35,000இல் 40 சதவீதம், அதாவது 14,000 மட்டும் வருமானத்தோடு சேரும். 26 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு வரி 3,640 ராண்ட். எட்டு வருஷம் எங்களைத் தூங்கவிடாத பூதம் இவ்வளவுதான். சொத்து வாங்குபவர் கட்டும் டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற வரியும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ராண்ட் வரை அந்த வரி கிடையாது, வீட்டின் முழு மதிப்பே அதற்குள் அடங்கிவிட்டது. பத்திரம் மாற்றும் வழக்கறிஞர் கட்டணமும் தம்பி எடுத்த பாண்டைப் பதிவு செய்யும் செலவும்தான் கையைக் கடித்தன.

நடுவில் பெரியண்ணன், "எனக்கு எதுக்குடா காசு? என் பங்கைச் சும்மாவே எடுத்துக்கோ" என்று தம்பியிடம் சொன்னார். மனசு நிறைந்தது. ஆனால் அதுதான் இருப்பதிலேயே அதிகச் செலவு வைக்கும் வழி. 3 லட்சம் பெறுமான பங்கைத் தானமாகக் கொடுத்தால், அந்த ஆண்டின் 1 லட்சம் விலக்கு போக 2 லட்சத்துக்கு 20 சதவீதத் தான வரி. அதாவது கொடுக்கிற அண்ணன் தலையில் 40,000 ராண்ட். சந்தை விலைக்கு விற்றதாகவே கருதி மூலதன லாப வரியும் தனியாக வரும். பாசத்தில் அடிமாட்டு விலைக்கு எழுதினாலும் குறைத்த தொகையைத் தானமாகத்தான் பார்ப்பார்கள். அண்ணன் நியாய விலைக்கே விற்றார். அப்புறம் தம்பி மகளின் படிப்புக்கு வருஷா வருஷம் விலக்கு வரம்புக்குள் கொடுத்து வருகிறார்.

கல்யாணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொத்தைப் பொதுவாக்கும் முறையில் பதிவுத் திருமணம் செய்தவர் தன் பங்கை விற்கக் கணவனோ மனைவியோ எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எங்கள் பெரியம்மா காலத்தவர்கள் பலர் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. அப்படிப்பட்ட மனைவிக்கும் உயில் எழுதாத கணவரின் சொத்தில் பங்கு உண்டு என்று 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய பத்திரத்தோடு உட்காரும்போது இப்படி ஒரு விதவையை யாரும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது வழி, வெளியாளுக்கு விற்றுப் பணத்தைப் பிரிப்பது. கணக்கு சுத்தமாக முடியும், யாருக்கும் யார் மேலும் மனத்தாங்கல் இருக்காது. ஆனால் 12 லட்சத்துக்கு 6 சதவீதம் தரகு என்று பேசினாலே 72,000, அதன்மேல் வாட் 10,800. நாலு பேரின் மூலதன லாப வரியையும் கூட்டினாலும் 15,000 தாண்டாது. வரியைப் பற்றியே பேசிப் பேசி, தரகை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நகராட்சி பாக்கி தீராமல் கிளியரன்ஸ் சான்றிதழ் வராது. மின்சாரச் சான்றிதழ் வேண்டும், டர்பன் பக்கம் மரத்தை அரிக்கும் வண்டுக்கான சான்றிதழும் கேட்பது வழக்கம். எல்லாவற்றையும் விட எங்களை மடக்கியது அவுட்பில்டிங்தான். அப்பா அதை வரைபட அனுமதி வாங்காமலே கட்டியிருந்தார். 2022 பிப்ரவரியிலிருந்து விற்பவர் வீட்டின் குறைகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அனுமதியில்லாத கட்டடம் என்றால் வாங்குபவரின் வங்கி தயங்கும், விலை இறங்கும். தம்பிக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லும் தெரியும். தெரிந்தே வாங்கினான், அனுமதிக்கும் அவனே விண்ணப்பித்தான். வீடு 20 லட்சத்துக்கு மேல் போயிருந்தால், வெளிநாட்டில் வசிக்கும் அக்காவுக்குச் சேரும் தொகையில் 7.5 சதவீதத்தை வாங்குபவர் பிடித்துச் சார்ஸுக்குக் கட்டியிருக்க வேண்டும். அது முன்பணம்தான், பிறகு கணக்கில் நேராகும். அக்காவின் கையெழுத்துக்கே ஆறு வாரம் பிடித்தது. அங்கே நோட்டரி முன் போட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, அசல் தாளைக் கூரியரில் அனுப்பினாள்.

கம்பெனி தொடங்கி வீட்டை அதன் பெயரில் போடலாம் என்று எங்களுக்கும் ஒருவர் யோசனை சொன்னார். கம்பெனிக்கு லாபத்தில் 27 சதவீதம், மீதியை நமக்குப் பிரிக்கும்போது 20 சதவீத டிவிடெண்ட் வரி. கூட்டினால் நூற்றுக்கு 41.6. 26 சதவீதம் கட்டுகிறவருக்கு இது எதற்கு? விற்கும்போது தனிநபருக்கான அந்த மூலதன லாப விலக்கும் கிடையாது. பத்துப் பதினைந்து வீடு வைத்திருப்பவர்கள் யோசிக்கட்டும். ஒற்றை வீட்டுக்கு வேண்டாம்.

கடைசி வழி நீதிமன்றம். கூட்டுச் சொத்தில் யாரையும் காலம் முழுக்கக் கட்டிப்போட முடியாது. ஒரு பங்காளி கேட்டாலே நீதிமன்றம் பிரிக்கலாம், ஒருவருக்குக் கொடுத்து மற்றவர்களுக்கு ஈடு கட்டச் சொல்லலாம், ஏலம் போடவும் உத்தரவிடலாம். ஒருவர் வாடகையையும் தராமல், வாங்கவும் விற்கவும் மறுத்து, பேச்சுக்கே வராமல் இருந்தால் வேறு வழியில்லை. மற்றபடி வழக்கறிஞர் செலவும் ஏல விலையும் அம்மா வீட்டைத் தின்றுவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகு என் மனதில் உறுத்துவது வேறு ஒன்று. சரியான நேரம் 2017. அம்மாவின் எஸ்டேட் (விட்டுப்போன சொத்து) கணக்கு முடியாமல் இருந்த அந்த மாதங்களில் வாரிசுகள் தங்களுக்குள் மறுபங்கீட்டு ஒப்பந்தம் போட்டிருக்கலாம். வீட்டைத் தம்பிக்கும், ஃபிக்ஸட் டெபாசிட்டையும் நகைகளையும் எங்களுக்கும் வைத்து, குறைவதைத் தம்பி பணமாகக் கொடுத்து ஈடுகட்டியிருக்கலாம். எஸ்டேட்டில் இருப்பதைப் பிரிப்பதுதான் அதன் அடிப்படை. வெளிப்பணம் சமன் செய்ய மட்டுமே வரலாம், முழு வீட்டையும் வெளிப்பணத்தால் வாங்க முடியாது. அந்த முறையில் வீட்டின் மதிப்பு எவ்வளவானாலும் டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை. பத்திரமும் அம்மா பெயரிலிருந்து நேராகத் தம்பி பெயருக்கு ஒரே தடவையில் மாறியிருக்கும். நாங்கள் என்ன செய்தோம்? துக்கத்தில் யாருக்கும் பேச மனமில்லாமல், "நாலு பேருக்கும் சமமா போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டோம். பத்திரச் செலவு இரண்டு தடவை ஆனது. எட்டு வருஷ வாடகைக் கணக்கும் வீணாகக் குழம்பியது.

டோங்காட்டில் இருந்த சித்தி போன மாதம் காலமானார். அவருக்கும் மூன்று பிள்ளைகள், ஒரு வாடகை வீடு, கொஞ்சம் சேமிப்பு. எஸ்டேட்டின் இறுதிக் கணக்கு இறந்தவர் சொத்துகளை மேற்பார்வை செய்யும் மாஸ்டர் அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை. வரும் சனிக்கிழமை மூவரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டு மதிப்பீட்டையும் வங்கிக் கணக்குகளையும் கையோடு கொண்டுவரச் சொன்னேன். எங்கள் பிஸ்கட் டின்னையும் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.