ப்ராம்ப்ட்டில் நெட்வொர்க் நிலை: எல்லையோர ஹாட்ஸ்பாட்டுக்கு எந்த வழி?

தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையிலோ புளியரையிலோ லினக்ஸ் லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கு இணைப்பு ஒரே நாளில் பலமுறை மாறும்: வீட்டு வைஃபை, போன் ஹாட்ஸ்பாட், யுஎஸ்பி டெதரிங். எதில் இருக்கிறோம் என்பதை பாஷ் ப்ராம்ப்ட்டிலேயே, அதாவது டெர்மினலில் கட்டளை தட்டும் இடத்துக்கு முன் வரும் வரியிலேயே, காட்டலாம்.

எளிய வழி, ஒவ்வொரு என்டருக்கும் ஒரு கட்டளையை ஓட்டுவது. 'என்எம்சிஎல்ஐ' வைஃபை பெயரைத் தரும். ஆனால் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் பதில் சொல்லும்வரை ப்ராம்ப்ட் காத்திருக்கும். அதைவிட 'ஐபி ரூட் கெட் 1.1.1.1' மேல். ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வழித்தட அட்டவணையைப் பார்த்தே இன்டர்ஃபேஸையும் (வைஃபையா, யுஎஸ்பியா என்பது) நம் ஐபி முகவரியையும் சொல்லிவிடும். 'கர்ல்' கட்டளையால் வெளித்தளம் ஒன்றைக் கேட்டுப் பொது முகவரி எடுப்பதை ப்ராம்ப்ட்டுக்குள் வைக்கவே வேண்டாம். நெட் அறுந்த நேரத்தில் டெர்மினலே உறைந்து நிற்கும்.

ப்ராம்ப்ட்டை அமைத்துத் தரும் ஸ்டார்ஷிப் கருவியில் 'லோக்கல்ஐபி' மாட்யூல் உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும். இயக்கினாலும் எஸ்எஸ்ஹெச் வழியே வேறொரு கணினியில் நுழைந்திருக்கும்போது மட்டுமே காட்டும். 'டிசேபிள்ட்', 'எஸ்எஸ்ஹெச்_ஒன்லி' இரண்டையும் 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அப்போதும் கிடைப்பது எண் மட்டுமே. 172.20.10 என்று தொடங்கினால் ஐபோன் ஹாட்ஸ்பாட் என நாமே கண்டுகொள்ள வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது நெட்வொர்க் மேனேஜரின் டிஸ்பாட்சர் ஸ்கிரிப்ட். இணைப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் அது தானே ஓடி நிலையை ஒரு கோப்பில் எழுதும். ப்ராம்ப்ட் அந்தக் கோப்பை பாஷின் 'ரீட்' கொண்டு படித்தால் போதும், புதுப் புரோசஸ் எதுவும் பிறக்காது. ஸ்கிரிப்ட் 'ரூட்' என்னும் நிர்வாகப் பயனருக்குச் சொந்தமாக, ஓட்டும் அனுமதியோடு, மற்றவர் எழுத முடியாதபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடாது. இணைப்பு இறங்கும்போது ஸ்கிரிப்ட்டுக்கு 'டவுன்' என வரும் சொல்லை அப்படியே எழுதிவிடாதீர்கள். டெதரிங் ஓடிக்கொண்டிருக்க வைஃபை மட்டும் அணைந்தாலும் 'துண்டிப்பு' என்று காட்டிவிடும். 'ஐபி ரூட் கெட்' தரும் விடையை எழுதுங்கள்.

ப்ராம்ப்ட்டின் வடிவத்தைச் சொல்லும் பிஎஸ்1 மாறியின் மதிப்பை ஒற்றை மேற்கோளில் வையுங்கள். இரட்டையில் வைத்தால் ஷெல் திறந்த நேரத்து நிலையே கடைசிவரை நிற்கும். நிறக் குறிகளைப் பின்சாய்வோடு கூடிய சதுர அடைப்புக்குள் இடாவிட்டால் நீளமான கட்டளை மடங்கும்போது வரி குலையும்.

எல்லையில் இன்னொன்று உண்டு. போன் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து டவருக்குத் தாவினாலும் லேப்டாப்பின் முகவரி மாறாது. மேலே சொன்ன எந்த வழிக்கும் அது தெரியாது. அதற்கு, குறித்த இடைவெளியில் வேலையை ஓட்டும் சிஸ்டம்டி டைமர் ஒன்றை 30 விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, 2 விநாடி வரம்போடு, நெட் உண்டா எனப் பார்க்கும் ஒரே ஒரு பிங் அனுப்பி, விடையை வேறொரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.