கசட்டும் சீடியும் ஓடுற பழைய கார் செட்: மட்டக்களப்பு உப்புக் காத்துக்க பாவிச்ச அனுபவம்

என்ட கார் ஜப்பான்ல இருந்து ரீகண்டிஷனா வந்தது, அதோட வந்த ஒரிஜினல் செட்தான் இன்னும் கிடக்கு, சீடிக்கு ஒரு வாய், கசட்டுக்கு ஒரு வாய், ரேடியோவும் இருக்கு. பாக்கிற ஆக்கள் எல்லாம் இதக் கழட்டிப் போட்டு ஆண்ட்ராய்ட் பிளேயர் ஒண்டு பூட்டுங்களன் எண்டுதான் சொல்றாங்க. மாத்துற எண்ணம் இல்ல. கன வருசமா பாவிச்சதுல எனக்கு விளங்கினது என்னெண்டா, இந்த செட்டுகள் ஓடித் தேஞ்சு சாகிறது குறைவு, ஓடாமக் கிடந்துதான் கூடுதலா சாகுது, அதுவும் கல்லடிப் பக்கம் எண்டா ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி, ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற காருக்க உப்புக் காத்து போகாத இடமே இல்ல.

ரேடியோவ முதல்லயே சொல்லி முடிச்சிடுறன். ஜப்பான் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸ்ல தொடங்கி 90 வரைக்கும்தான் (பிறகு 95 வரைக்கும் கூட்டினாங்க), நம்மட நாட்டுல 87.5ல இருந்து 108 வரைக்கும். அதனால ஏரியல் வயருக்கு நடுவுல எக்ஸ்பாண்டர் எண்டு சின்னப் பெட்டி ஒண்டு பூட்டுவாங்க, அது அலைவரிசையக் கீழ இறக்கிக் குடுக்கும், டிஸ்ப்ளேல காட்டுற நம்பர் ஒண்டு, ஸ்டேஷன்ட உண்மையான நம்பர் வேறொண்டு. இரைச்சலும் கூட. சரியான பாட்டுக் கேக்கோணும் எண்டா கசட்டும் சீடியும்தான்.

கசட் பக்கம்தான் வேல கூட, ஆனா சந்தோசமும் அங்கதான். டேப் ஒரு செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல, பாட்ட வாசிக்கிற ஹெட்ல உரசிக்கொண்டே போகுது, அந்த உரசல்ல டேப்புல இருக்கிற இரும்பு ஒக்சைட் பவுடர் மாதிரி கழண்டு ஹெட்லயும், டேப்ப இழுக்கிற கம்பிலயும், அதுக்கு எதிர்ல இருக்கிற ரப்பர் உருளையிலயும் மண்ணிறமாப் படியும். சத்தம் மங்கினா ஹெட் ஊத்தை, டேப்பத் திண்டா கூடுதலா உருளைல ஊத்தை. 30, 40 மணித்தியாலம் ஓடினதும் ஒருக்கா துடைச்சா போதும், ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 90 வீதத்துக்கு மேல உள்ளதா வாங்குங்க. பார்மசில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் எண்டு தாறதுல சிலதுல எண்ணெய் கலந்திருக்கு, அது காஞ்ச பிறகும் ஒரு படலம் விட்டுட்டுப் போகும், அந்தப் படலத்துல நம்மட மணல் தூசு வந்து ஒட்டினா கதை முடிஞ்சுது. ரப்பர் உருளைக்கு அல்கஹோலும் அடிக்கடி வேணாம், காஞ்சு வெடிக்கும், லேசா சோப்புத் தண்ணி நனைச்ச பஞ்சு போதும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேய கசட் வாய்க்குள்ள அடிக்கிற ஆக்களும் இருக்காங்க, அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல.

ரெக்கோடிங் பார்ல அடிச்ச பழைய கசட்டுகள் வீட்டுல கிடந்தா எடுத்த உடனே பிளே பண்ணாம முதல்ல முழுக்க ஃபோர்வர்ட், மறுகா முழுக்க ரீவைன்ட் பண்ணுங்க, வருசக்கணக்கா ஒட்டிக் கிடந்த சுத்து இளகும். வெள்ளையா பூஞ்சணம் தெரிஞ்சா அந்தக் கசட்ட செட்டுக்குள்ள விடவே வேணாம், ஒண்டுல இருக்கிறது ஹெட் வழியா எல்லாத்துக்கும் பரவும். சி-120 (120 நிமிசம் ஓடுற) கசட்ட கார்ல போடாதீங்க, டேப் சரியான மெல்லிசு, சூட்டுல இழுபட்டுச் சிக்கும், 60ம் 90ம்தான் கார்க்குச் சரி. கடையில அடிச்ச கசட்டுக்கு டொல்பி பட்டன் (டேப் இரைச்சலக் குறைக்கிறது) போட்டிருந்தா பாட்டு போர்வைக்குள்ள இருந்து வாற மாதிரி மங்கலாத்தான் கேக்கும், அடிக்கக்குள்ள டொல்பி இல்லையெண்டா கேக்கக்குள்ளயும் வேணாம். பாட்டு இழுபட்டு இழுபட்டுப் போகுதெண்டா ஹெட்டச் சந்தேகப்படாதீங்க, உள்ளுக்க ரப்பர் பெல்ட் தளந்திருக்கும், அது சின்னச் செலவு. இன்னொண்டு, கார ஓஃப் பண்ணிட்டு இறங்கக்குள்ள கசட்ட வெளிய எடுத்திடுங்க. சில செட்டுல சாவியத் திருப்பினாலும் உருளை அமத்தினபடியே நிக்கும், அப்பிடியே கிடந்தா உருளைல ஒரு பக்கம் தட்டையாகி பிறகு ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் நடுங்கும்.

இனி சீடி. கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பக்கத்தத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வெக்கிறாங்க, உண்மையில பாட்டு இருக்கிற படை எழுத்துப் பக்கத்துக்கு ஒட்டினாப்போலதான் இருக்கு, கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கு. கீழ லேசாக் கீறினா லேசர் சமாளிக்கும், மேல கீறினா அந்த இடத்துப் பாட்டு போனதுதான். துடைக்கிறதும் வட்டமா வேணாம், நடுவுல இருந்து வெளிய நேரா. பேப்பர் லேபிள் ஒட்டின சீடிய வாய்க்குள்ள தள்ளிப் போடுற செட்டுக்குக் குடுத்தா சூட்டுல லேபிள் கழண்டு உள்ளுக்க சிக்கும், 8 சென்டிமீட்டர் குட்டிச் சீடியும் அப்பிடித்தான், போனா வராது.

வீட்டுல அடிச்ச சீடிக்கு பழைய செட்டுகள் முகம் சுழிக்கும். கடைச் சீடிய விட ரைட் பண்ணின சீடில ஒளி திரும்பி வாறது கொஞ்சம் குறைவு, ஆர்டபிள்யூ (அழிச்சு அழிச்சு அடிக்கிற சீடி) எண்டா இன்னும் கன குறைவு, அதனால அத மறந்திடுங்க. குறைஞ்ச ஸ்பீட்ல, ஓடியோ சீடியா, ஃபைனலைஸ் பண்ணி (இனி எழுத ஏலாம மூடி) அடிச்சா என்ட செட் எடுக்குது, எம்பி3 சீடி போட்டா எரர் எண்டு வெளிய தள்ளுது.

சீடி வாசிக்கல்லையெண்டு கடைக்குக் கொண்டுபோனா ஒரு விசயத்துல கவனமா நில்லுங்க. சில இடங்கள்ல லென்சத் துடைக்கிறதுக்குப் பதிலா லேசர்ல இருக்கிற சின்னத் திருகு (பொட்) ஒண்டத் திருப்பி கரண்டக் கூட்டி விடுவாங்க, உடனே வடிவா வாசிக்கும், காசும் குடுத்திட்டு வந்திடுவம், கொஞ்ச காலத்துல லேசரே எரிஞ்சு போகும். துடைச்சுப் பாத்தீங்களா எண்டு முதல் கேளுங்க. வாசிக்காததுக்கு ஈரமும் காரணமா இருக்கலாம். ஏசிய முழுக்கப் போட்டுட்டு வந்து பாசிக்குடால நாலு கதவையும் திறந்து விட்டா, குளிந்து போயிருக்கிற லென்ஸ்ல கடல் காத்து பட்டு ஈரம் புடிக்கும். சீடிய எடுத்துட்டு கொஞ்ச நேரம் செட்ட ஓன்ல விட்டா சரியாகிடும், கடைக்கு ஓடத் தேவல்ல.

மாரி காலத்துல கார் நிண்ட இடத்திலயே நிண்டாலும் கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ரெண்டையும் ஓட விடுறன், சூடு ஏறினா உள் ஈரம் காயும், பெல்ட்டும் ஒரே வளைவுல இறுகாது. கச்சான் காத்துக் காலத்துல எதிரி தூசும் வெயிலும், கசட்டயும் சீடியயும் டேஷ்போர்டுக்கு மேல விடாதீங்க, கூடு வளைஞ்சா பிறகு உள்ளுக்க சுத்தாது.

ஃபோன்ல பாட்டுக் கேக்க ஆசையெண்டா கசட் அடாப்டர் (கசட் வடிவத்துல, வயரால ஃபோனோட தொடுக்கிறது) ஒண்டு வாங்கிப் போடுங்க, ஹெட் துப்பரவா இருந்தா, ஃபோன் பாட்ட ரேடியோக்கு அனுப்புற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர விடத் தெளிவு. இல்ல, செட்ட மாத்தத்தான் போறன் எண்டு நிக்கிற ஆக்கள், ஒரிஜினல் சொக்கட்ட வெட்ட விடாதீங்க, அதுக்குப் பொருந்துற வயர் ஹார்னஸ் தனியா விக்கிறாங்க, கழட்டின செட்டயும் துணில சுத்திக் காஞ்ச இடத்துல வெச்சிட்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்க, பார்ட்ஸுக்கு நான் எடுப்பன்.