பாளையங்கோட்டை டிரேட்மார்க் வக்கீல்: அஞ்சுக்கு நாலு, ஒன்று போனுக்காகக் குறைத்தது

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் குடும்பம் எங்களுடையது. போன வருஷம் சங்கரன்கோவிலில் இருந்து மச்சான் ஒரு பாக்கெட் வாங்கி வந்து "நம்ம சரக்கு ஏன் இப்படி நமுத்துக் கெடக்கு?" என்று கேட்டபோதுதான் பார்த்தோம். அதே மஞ்சள் கவர், அதே ஜோடிக்கிளி, எங்க ஆச்சி பேரில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தது. அடித்தவர் யாரோ வெளியூர்க்காரர்.

அலைந்து திரிந்து கடைசியில் இந்த வக்கீலிடம் போனோம், பாளையங்கோட்டையில் ஒரு மாடி ரூம். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, பேரைப் போடாதீங்க என்று அவரே சொன்னதால் போடவில்லை. திருட்டு விசிடி காலத்திலேயே சென்னையில் சினிமாத் தயாரிப்பாளர்களுக்காக ஓடியவர். 2004-இல் திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, ஆள் யாரென்றே தெரியாத இணையதளங்கள் மேல் 'அசோக்குமார்' என்று பொதுப் பேர் போட்டு ஹைகோர்ட்டில் தடை வாங்குவது எல்லாம் கதை கதையாகச் சொல்வார் (காலையில் முடக்கிய தளம் சாயங்காலம் வேறு பேரில் முளைக்குமாம்). கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாம் போன காரியம் அரை மணி நேரம் தள்ளிப்போகும்.

வேலை சுத்தம். போலீஸை வைத்து அள்ளிவிடலாம் என்று நான் துள்ளினேன். "அண்ணாச்சி, இதுல சோதனை போட டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரி வரணும், அவரும் முதல்ல டிரேட்மார்க் பதிவாளர்கிட்ட கருத்து வாங்கணும். அதுக்குள்ள அவன் சரக்கை வித்துட்டு அடுத்த கவர் அடிச்சிருவான்" என்றார். இன்னொன்றும் முகத்துக்கு நேராகச் சொன்னார்: கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்கிற பேர் ஊருக்குச் சொந்தம், உங்களுது ஆச்சி பேரும் கிளியும் மட்டும்தான். இத்தனை வருஷம் பதிவு செய்யாததற்குத் திட்டு வேறு. பதிவு இல்லாவிட்டாலும் முதலில் இருந்தே நாம்தான் அந்தப் பேரில் விற்கிறோம் என்று காட்டினால் வழக்கு போடலாமாம், அதற்குப் பழைய பில் கேட்டார். பரணில் டிரங்குப் பெட்டியைக் கிளறியதில் கவர் அடித்த அச்சாபீஸ் பில், 1996 தேதி, ஓரத்தை எலி கடித்தது, கிடைத்தது. அதை நகை மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டார்.

பதிவுக்கு அரசுக் கட்டணம், தனி ஆள் ஆன்லைனில் போட்டால், ஒரு வகுப்புக்கு (அதாவது ஒரு சரக்கு வகைக்கு) 4,500 ரூபாய்தான். அதைத் தனியாகவும் தன் பீஸைத் தனியாகவும் எழுதிக் கொடுத்தார், இதற்கு முன் பார்த்த ஏஜென்ட் 'எல்லாம் சேர்த்து' என்று ஒரே தொகையாகக் கேட்டிருந்தார். விண்ணப்பம் இன்னும் டிரேட்மார்க் பதிவாளர் ஆபீஸ் வெளியிடும் ஜர்னலில் வரவில்லை. வந்த பிறகும் நாலு மாசம் யாராவது ஆட்சேபிக்க இடம் உண்டு, கிடைத்தால் 10 வருஷம், அப்புறம் புதுப்பிக்கணும்.

போலி அடித்தவருக்கு அவர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் போன இருபதாவது நாள் அந்தக் கவரில் கிளி மயிலாகிவிட்டது, ஆச்சி பேரும் போய்விட்டது. மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது இன்னும் எரிச்சல்தான், அவரோ வெறும் கலருக்கு கோர்ட்டுக்குப் போனால் உங்க காசுதான் கரையும் என்கிறார்.

போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்க, பகலில் ஆள் கோர்ட்டில். போன் எடுக்கவே மாட்டார். போலிப் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வரும்.