மறந்தாலும் அடி, மறக்காவிட்டாலும் அடி: கம்போசரோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "டெவலப்மென்டுக்கு ஒரு லைப்ரரி, லைவுக்கு ஒரு லைப்ரரின்னு வெச்சு மாரடிக்க முடியலடா, கம்போசருக்கு மாறிடவா?" கம்போசர் என்பது பிஎச்பி ப்ராஜெக்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை (பேக்கேஜ்களை) இறக்கித் தரும் கருவி. கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் கம்போசரால் படுத்துவிட்ட ஒரு தளத்தை எழுப்பி உட்கார வைத்திருந்தேன்.

நானும் ஒரு காலத்தில் லிப், லிப்_டெவ் என்று இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தவன்தான். எந்த சர்வர் என்று பார்த்து இன்க்ளூட் பாத்தை மாற்ற நாலு வரி. அவசரத்துக்கு லைவ் லிப்பில் கை வைப்பேன், அது டெவ்வுக்கு வராது. அடுத்த முறை ஏற்றும்போது திருத்தம் அழிந்து பழைய பிழை திரும்ப வரும்.

கம்போசர் அந்தத் தலைவலியை ஒழித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்று குறித்து வைக்கும் லாக் ஃபைலில் உள்ள அதே வெர்ஷன்தான் சர்வரிலும் இறங்கும். 2020 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்த பிறகு, அப்டேட் கொடுத்தால் மெமரி பத்தாமல் பாதியில் சாவதும் எனக்கு நின்றது.

எரிச்சல் ஒன்றே ஒன்று. டெவலப்மென்டுக்கு மட்டும் வேண்டிய பேக்கேஜ்களை கம்போசரின் ஜேசன் ஃபைலில் ரிக்வயர்-டெவ் என்ற பட்டியலில் தனியாக எழுதியிருந்தாலும், வெறுமனே 'கம்போசர் இன்ஸ்டால்' கொடுத்தால் டெவ் பேக்கேஜும் சேர்ந்தே இறங்கும். '--நோ-டெவ்' என்று நாம்தான் அடிக்க வேண்டும். மறந்தால் எதுவும் உடையாது, வம்பே அதுதான். டெஸ்ட் ஓட்டும் டெவ் பேக்கேஜான பிஎச்பியூனிட்டின் பழைய பதிப்புகளில் ஈவல்-எஸ்டிடின் என்றொரு ஃபைல், போஸ்டில் அனுப்பும் பிஎச்பி கோடை அப்படியே ஓட்டிவிடும். சிவிஇ-2017-9841 என்று பதிவான ஓட்டை. பேக்கேஜ்கள் வந்து இறங்கும் வெண்டர் ஃபோல்டர் வெளியே திறந்து கிடந்தால் கதை முடிந்தது. இன்றும் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி பாட்கள் என் ஆக்சஸ் லாக்கில் வராத வாரமில்லை.

சரி, மறக்காமலிருக்க சர்வரில் கம்போசர்_நோ_டெவ் என்ற வேரியபிளை 1 ஆக்கி வைத்தேன். அதற்கும் அடி விழுந்தது. மாதிரிப் பெயர் போட, டெவ் பேக்கேஜான ஃபேக்கரை ஒரு கன்ட்ரோலரில் நானே அழைத்திருக்கிறேன். மடிக்கணினியில் அழகாக ஓடியது, டெஸ்ட் எல்லாம் பச்சை. லைவில் ஏற்றியதும் 'கிளாஸ் ஃபேக்கர்\ஃபேக்டரி நாட் ஃபவுண்ட்'. தப்பு என்னுடையதுதான். ஆனால் நம் மெஷினில் இரண்டு வகைப் பேக்கேஜும் ஒரே வெண்டருக்குள் கிடப்பதால், எல்லை தாண்டியது தெரியவே தெரியாது. பிரிவு ஜேசனில் மட்டும்தான். பழைய லிப்_டெவ்வில் இன்க்ளூட் வரியைப் பார்த்தாலே பிடிபட்டிருக்கும். இப்போது லைவுக்கு முன் தனி ஃபோல்டரில் நோ-டெவ்வோடு இறக்கி, எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். மறுபடியும் இரண்டு ஃபோல்டர்!

நண்பனிடம் மாறாதே என்று சொல்லிவிட்டேன். அவனிடம் இருப்பது எட்டு ஸ்கிரிப்ட், எதற்கு இந்தக் கூத்து. அப்புறம் ராத்திரி புது ப்ராஜெக்ட் ஒன்றுக்காக டெர்மினலைத் திறந்தேன். முதலில் அடித்தது 'கம்போசர் இனிட்'.