டிஸ்க் கால்ஃப்: பார் வேண்டுமா, வெறும் வீச்சுக் கணக்கு போதுமா?

தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டமான டிஸ்க் கால்ஃபில் ஜெயிப்பவர், மொத்தத்தில் குறைவாக வீசியவர். அவ்வளவுதான். அப்புறம் பார் (ஒரு கூடைக்கு இத்தனை வீச்சு என்று முன்கூட்டியே வைக்கும் எண்) எதற்கு என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே மைதானத்தில் ஒருவர் 58 வீச்சில் முடிக்கிறார். பார் 54 என்றால் அது நான்கு கூடுதல், 62 என்றால் நான்கு குறைவு. வீசியது என்னவோ அதே 58. பிடிஜிஏ என்னும் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம் ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் ரேட்டிங்கும் பாரைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பவனுக்கு வீச்சுக் கணக்கு கைகொடுக்காது. ஒருவர் 12 கூடை முடித்து 36, இன்னொருவர் 9 முடித்து 28. யார் முன்னிலை? விரல் விட்டு எண்ணினாலும் தெரியாது. “இவர் பாரைவிட ஆறு குறைவு, அவர் நான்கு குறைவு” என்றால் சட்டென்று புரிகிறது.

பார் வைக்க ஒரு பழைய வழி உண்டு: எல்லாக் கூடைக்கும் மூன்று, 18 கூடைக்கு 54. மனக்கணக்குக்குச் சுகம். ஆனால் 300 மீட்டர் தள்ளி, மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் கூடைக்கும் மூன்று என்றால் சிரிப்புதான் வருகிறது. தவறில்லாமல் ஆடும் தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய வீச்சுகளே பார் என்கிறது இன்றைய விதி. எனக்கு அதுவே சரி.

இன்னொன்று. தாமதமாக வந்து ஒரு கூடையைத் தவறவிட்டால் அதற்குத் தண்டனை, பாரோடு நான்கு. பாரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எந்த எண்ணை எழுதுவது?