ஆம்னி வண்டியா, பி.ஜி. கட்டிலா?

10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊர் பெங்களூரு. அதனால்தான் அல்சூர்த் தம்பிகள் சிலர், “பி.ஜி. என்கிற பேயிங் கெஸ்ட் விடுதிக்குப் போவதைவிட, பேசாமல் ஒரு பழைய மாருதி ஆம்னி வேனில் படுத்துக்கொண்டால் என்ன அண்ணா?” என்கிறார்கள். மூன்று மாதம் படுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

செலவு: வண்டிக்கு வாடகை கிடையாது. ஆனால் ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டுதான், ரிப்பேர் துரத்தும். சாப்பாடு மூன்று வேளையும் தர்ஷினி என்கிற சிற்றுண்டிக் கடையில். பி.ஜி.யில் பெரும்பாலும் சாப்பாடும் சேர்த்தே வாடகை. சாம்பார் இனிக்கும், அது வேறு கதை.

தூக்கம்: ஊர் 900 மீட்டர் உயரத்துக்கும் மேலே. டிசம்பரில் தகரம் ஜில்லிட்டு, மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் வழிந்து, விடிவதற்குள் தலையணை நனைந்திருக்கும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கினால் கொசு. அப்புறம் இரவு இரண்டு மணிக்கு ரோந்து போலீஸ் தட்டுவார். பி.ஜி.யில் பக்கத்துக் கட்டில் குறட்டை மட்டும்தான்.

குளியல்: வண்டி என்றால் கட்டணக் கழிப்பறை வரிசை, பி.ஜி. என்றால் ஒரு பக்கெட் வெந்நீர்.

முகவரி: வண்டிக்கு ஏது? என் பேங்க் கார்டே நண்பன் வீட்டுக்குத்தான் வந்தது.

விற்பனைச் சரக்கோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு வண்டி சரி. தினமும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவர், மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறையைப் பாருங்கள்.